தையல் வகுப்பில் நடந்த பாடம்

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி, எந்த டாக்டர் கைராசிக்காரர் என்பதில் முடிகிறது. இன்றைக்கு வேறொன்று கேட்கிறேன். நீங்கள் பெரியமனுஷியான அன்று, உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது? எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், அப்படி ஒரு வகுப்பு நடந்தது என்றால் என் பேத்திகளே நம்புவதில்லை. நடந்தது. ஐந்து வெள்ளிக்கிழமை நடந்தது. ஆறாவது வெள்ளிக்கிழமை நின்றுபோனது. நின்றதற்கு நானும் ஒரு காரணம்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். ஊரில் பாதி வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், பாதி இந்துக்கள். எல்லோருக்கும் வயல்தான் பிழைப்பு. என் அய்யா கோயில்பிள்ளை. மாதா கோயிலில் மணி அடிப்பது, பூசைத் துணிகளைத் துவைத்து மடித்து வைப்பது எல்லாம் அவர் வேலை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்பு. தலைமைக் கன்னியாஸ்திரியை மதர் என்போம்.

ஆனி பிறந்ததும் மலைக் கணவாயிலிருந்து காற்று கிளம்பிவிடும். நம் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டில் மண், கண்ணில் மண், பாயில் மண். ஓட்டுக்கூரை கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு மாதமும் பிள்ளைகளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பெரியவர்களும் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள்.

அந்த ஆனியில்தான் எல்த்தம்மா வந்தார். ஹெல்த் விசிட்டர் என்பது அவர் உத்தியோகம். எங்கள் வாயில் அது எல்த்தம்மா ஆகிவிட்டது. முப்பது வயதிருக்கும். திருவாங்கூர்ப் பக்கத்துக்காரர், தமிழில் பாதி மலையாளம். பெட்ரோல் கிடைக்காத காலமல்லவா, கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் உத்தமபாளையத்திலிருந்து வருவார். வெள்ளைச் சேலையில் கரித்தூள் புள்ளிபுள்ளியாக ஒட்டியிருக்கும். காலில் செருப்பு. செருப்புப் போட்ட பெண்ணை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி மணி தையல் வகுப்பு. ஏழும் எட்டும் சேர்ந்து பதினோரு பெண்கள். மதர் அந்த மணியை எல்த்தம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். கதவுக்கு முட்டுக்கொடுத்து தையல் டீச்சர் நின்றுகொண்டார். உள்ளே புழுக்கம், வெளியே காற்று ஜன்னலை இடித்துக்கொண்டே இருந்தது. எல்த்தம்மா ஒரு படத்தை விரித்து ஆணியில் மாட்டினார். ஒரு பெண்ணின் அடிவயிறு. தோலை உரித்துவிட்டது போல உள்ளே எல்லாம் தெரிந்தது. நடுவில், தலைகீழாகக் கவிழ்த்த சின்னச் சுரைக்குடுக்கை மாதிரி ஒன்று.

ஏழாம் வகுப்புக்காரி ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள்.

"பேடிக்க வேண்டாம், குட்டிகளே," என்றார் எல்த்தம்மா. "இது உங்க எல்லார் வயித்துக்குள்ளேயும் உள்ளதுதான். உங்க அம்மைக்கு உண்டு. எனக்கு உண்டு. மதருக்கும் உண்டு."

மதருக்கும் என்றதும் எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் டீச்சர் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

மாதாமாதம் ரத்தம் வரும், அது நோய் இல்லை, பாவம் இல்லை, கெட்ட ரத்தமும் இல்லை, பிள்ளை தங்குவதற்காக உடம்பு போட்ட மெத்தை, பிள்ளை இல்லாதபோது கலைந்து வருகிறது என்று சொன்னார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. வீட்டில் அம்மா மூன்று நாள் கொட்டகையில் ஒதுங்கிப் படுப்பதும், 'காக்கா தொட்டுருச்சு' என்று சொல்வதும் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. இத்தனை காலம் நான் காக்காயைக் கண்டாலே கல்லெடுத்து எறிந்துகொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் சேக்காளி, உயிர்த் தோழி. இந்துக் குடியானவர் வீட்டுப் பெண். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் எழுந்து நின்று கேட்டாள்.

"வந்துட்டா வீட்டுல சொல்லியே ஆகணுமாம்மா?"

"சொல்லணும் மோளே. அம்மைகிட்டதான் முதல்ல சொல்லணும். ஒளிக்கக் கூடாது."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கக் கூடாது என்றுதான் எல்த்தம்மா சொன்னார்.

மறுநாள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது சேக்காளி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு வந்துருச்சுடி. முந்தாநாத்துலருந்து."

"ஆத்தாட்ட சொன்னியா?"

"சொன்னா அம்புட்டுத்தான். ஆவணியில எங்க மாமன் பட்டாளத்துலருந்து லீவுல வாராக. நான் பெரியவளாயிருந்தா அந்த லீவுலேயே கல்யாணத்தை முடிச்சுருவாக. இல்லாட்டி அவுக திரும்பிப் போயிருவாக. அப்புறம் எப்ப லீவோ."

மாமன் என்பது அவள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பிறந்தபோதே பேசி வைத்த சம்பந்தம். எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சை பங்குனியில். அதில் நல்ல மார்க் எடுக்கும் ஒருத்தியை ஆசிரியை டிரெயினிங் ஸ்கூலுக்கு அனுப்புவதாக மதர் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தி அவள்தான் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லாத," என்றேன் நான். "ஆவணி கழியட்டும். ரெண்டு மூணு மாசந்தான். நான் பாத்துக்கிறேன்."

பதின்மூன்று வயதில், எனக்கே இன்னும் வராத ஒன்றை, நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

துணிக்குத்தான் திண்டாட்டம். அந்த வருஷங்களில் துணி ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும். பழஞ்சேலையைக்கூட யாரும் கந்தலாக்கவில்லை. கிழிசலைத் தைத்துக் கட்டினார்கள். வீட்டில் ஒரு முழத் துண்டு குறைந்தாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கோயிலில், பூசைப் பாத்திர அறையில், ஒரு தகரப் பெட்டி இருந்தது. நைந்துபோன பீடத் துணிகளை அய்யா அதில் போட்டு வைப்பார். பங்குச் சாமியார் வருஷத்தில் ஒருநாள் அவற்றை எரிக்கச் சொல்வார். புனிதமான துணி, குப்பையில் போடக் கூடாது.

மத்தியானம் அய்யா சாப்பிட வந்திருந்த நேரத்தில் போனேன். பெட்டிக்குள் சாம்பிராணியும் அந்துருண்டையும் கலந்த வாசனை. நான்கு துணிகளைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். மாதா சொரூபத்தைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து துண்டு துண்டாகக் கிழித்தேன். ஒரு துணியின் மூலையில் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு சிலுவை தைத்திருந்தது. அந்த மூலையைக் கிழித்து எறிய எனக்குக் கை வரவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. சனிக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் அவள் எழுந்து நிற்கும்போதெல்லாம் என் கண் அவள் பாவாடையின் பின்பக்கம் போகும். யாராவது இரண்டு பேர் ஒதுங்கிப் பேசினால் எங்களைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டிக்கொள்வேன்.

இதற்கிடையில் ஒருநாள் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்த மலையாளத்துக்காரி என்னத்தைச் சொல்லிக்குடுக்கிறாளாம்?"

"சுத்தமா இருக்கணுங்கிறதும்மா."

"அம்புட்டுத்தானா? புள்ளை தங்காமப் போறதுக்கு எதுவும் சொன்னாளா?"

"இல்லம்மா."

அவள் மறுபடி ஊதத் தொடங்கினாள். எனக்குப் பிறகு என் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் தங்காமல் போயின என்பது எனக்குத் தெரியும். அவள் எதற்காகக் கேட்டாள் என்று யோசிக்க அப்போது எனக்கு வயது போதவில்லை. வேவு பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நான்காவது வகுப்பில் எல்த்தம்மா துணியைப் பற்றிச் சொன்னார். சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். இருட்டில் ஈரமாக மறைத்து வைத்த துணியால் புண்ணும் அரிப்பும் காய்ச்சலும் வரும் என்றார். சேக்காளி என் தொடையைக் கிள்ளினாள். முதல் மாதம் அவள் துணியை வைக்கோற்படப்புக்குள் செருகித்தான் காயவைத்தாள். நடக்க முடியாமல் தொடையெல்லாம் வெந்து போயிருந்தது.

ஆடியில் அவளுக்கு இரண்டாம் முறை வந்தது. இந்தத் தடவை துவைத்து, வீட்டுக்குப் பின்னால் நொச்சி வேலியில், வெயிலில் போட்டாள். நான் காவல். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். காற்று ஒரே இரைச்சல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துணி வேலியிலிருந்து எழும்பி, கிழவியைப் போலக் குனிந்து நிமிர்ந்து, ஊர்ப் பொட்டலான மந்தைப் பக்கம் பறந்தது.

அவள் ஓடினாள். நானும் ஓடினேன். மந்தையில் பெண்கள் காற்றுக்கு எதிரே முறத்தை உயர்த்தி எள் தூற்றிக்கொண்டிருந்தார்கள். துணி போய் எள் குவியலின் மேல் விழுந்தது. ஒருத்தி அதை எடுத்து உதறினாள். மங்கலான கறை. மூலையில் சிவப்புச் சிலுவை.

"ஏடி, இது கோயில் துணியில்ல?"

அங்கே தூற்றிக்கொண்டிருந்தவர்களில் சேக்காளியின் அம்மாவும் ஒருத்தி. அவள் துணியைப் பார்க்கவில்லை. ஓடி வந்து பாதியில் நின்றுவிட்ட தன் மகளின் முகத்தைப் பார்த்தாள். முறத்தைக் கீழே போட்டாள். அவ்வளவுதான்.

ஆடி மாதம் என்றும் பார்க்காமல் அன்றைக்கே ஓலைக் குச்சு கட்டி அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட வராண்டாவில் பெண்கள் கூட்டம். என் அம்மா முன்வரிசையில் நின்றாள். மதர், சாமியார், கையைக் கட்டிக்கொண்டு என் அய்யா. ஒன்றும் அறியாமல் எல்த்தம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு நேரே அந்தக் கூட்டத்துக்குள் வந்தார்.

சேக்காளியின் அம்மா குரல்தான் பெரிதாகக் கேட்டது. "எழுதப் படிக்கத்தானே அனுப்புனேன்! பெத்தவகிட்டயே மறைக்கச் சொல்லிக்குடுக்கவா பள்ளிக்கொடம் வச்சிருக்கீக?"

சாமியார் துணியை நீட்டி அய்யாவைக் கேட்டார். அய்யா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பெட்டியில் நான்கு குறைவதை அவர் முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும்.

"நைஞ்சு போச்சேண்டு நான்தான் சாமி கழிச்சுப் போட்டேன். யாராச்சும் எடுத்திருப்பாக. என் தப்புதான்."

என் அய்யா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சாமியார் அவரை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். அய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மதர் என்னைக் கூப்பிட்டார். "நீதானே அவள் பக்கத்தில் உட்காருகிறவள். மறைக்கச் சொன்னது யார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடுகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் துணியும் வெளியே வரும். அய்யாவின் பொய்யும் வெளியே வரும். அவர் வேலை போகும். இப்படியெல்லாம் நான் அன்று யோசித்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"எல்த்தம்மாதான் சொன்னாக," என்றேன்.

எல்த்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நடுங்கும் என் கால்களைப் பார்த்தார்.

"துணியை வெயில்ல போடச் சொன்னது நான். அது சரிதான், இனியும் சொல்வேன்," என்றார். "மத்தது..." என்று நிறுத்தினார். "மத்ததும் என் பேரிலேயே இருக்கட்டும். குட்டிகளை அடிக்காதீங்க."

இனி வர வேண்டாம் என்று மதர் சொல்லிவிட்டார். பஸ் கரி மூட்டிக் கிளம்ப அரைமணி நேரம் ஆனது. அதுவரை எல்த்தம்மா ரோட்டோரத்தில் தனியாக நின்றார். காற்று சேலையைப் பிடுங்கியது. நான் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் நாற்பதடி தூரம் இருக்கும். நான் போகவில்லை.

ஆவணியில் மாமன் வந்தார், கல்யாணம் நடந்தது. சேக்காளியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. மாமன் இருபது நாளில் பட்டாளத்துக்குத் திரும்பினார். முதல் பிள்ளை பிறந்து ஒரு வாரத்தில் போய்விட்டது. அப்போது அவளுக்குப் பதினான்கு முடிந்து சில மாதம். டிரெயினிங் ஸ்கூலுக்கு நான் போனேன். அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் அன்று அந்தப் பொய்யைச் சொன்னேனா என்று பல நாள் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் போனது நான்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வராண்டாவில் எல்த்தம்மாவுக்கு எதிராக நின்ற என் அம்மா, அந்த மாதமே கொட்டகைக் கூரைமேல், நட்டநடு வெயிலில், ஒரு மெல்லிய துண்டுக்கு அடியில் தன் துணிகளைக் காயப் போட்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு அது நிற்கும் காலம்வரை அப்படித்தான் காயப் போட்டாள்.

மற்றது, சண்டை முடிந்து மாமன் ஊருக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னது. நான் டீச்சராகிவிட்டதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அக்கா நாள் குறிச்சுட்டேண்டு காயிதம் போட்டுச்சு, வந்தேன். அவ படிக்கிறா, பரீட்சை எழுதணுங்கிறாண்டு ஒருத்தரும் எனக்கு எழுதலயே. எழுதிருந்தா ரெண்டு வருசம் பொறுத்திருக்க மாட்டேனா?"

எங்கள் இரண்டு பேருக்கும் எழுதத் தெரியும். அவருக்கு ஒரு கடிதம் போடலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

டிரெயினிங் முடித்த வருஷம் உத்தமபாளையம் போய் எல்த்தம்மாவைத் தேடினேன். எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு பல வருஷம் கழித்து, எட்டாம் வகுப்புக்கு நான் விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்தபோது, சேக்காளியின் மகள் என் வகுப்புக்கு வந்தாள். புத்தகத்தில் அந்தப் பாடம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கம் வரும்போது, "இதை வீட்டுல படிச்சுக்கங்க" என்று சொல்லித் தாண்டிவிடுவேன். அந்த வருஷமும் தாண்டினேன். மறுநாள் மதியம் சேக்காளி, களையெடுத்த சேறு காலில் காயாமல், பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பாடத்தை வீட்டுல படிச்சுக்கிறச் சொன்னியாம்ல?"

"ஆமா."

"வீட்டுல யாருட்டடி படிப்பா? என்ட்டயா? என்னையத்தான் பாதியில தூக்கிட்டுப் போயிட்டாகளே."

அந்த வராண்டாவில் நான் சொன்ன பொய்யை அன்றுதான், அந்த வாசலில் நின்றபடி, அவளிடம் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். எங்காத்தா அன்னைக்கே குச்சு வாசல்ல வந்து சொல்லிருச்சு, நீதான் அந்தம்மாவைக் காட்டிக்குடுத்தேண்டு."

"பெறகு ஏன்டி இத்தனை வருசம் என்ட்ட கேக்கல?"

"உள்ள உக்காந்துக்கிட்டு நான் மட்டும் என்ன செஞ்சேன்? அந்தம்மா அப்பிடிச் சொல்லலண்டு ஒரு வார்த்தை நானும் சொல்லிருக்கலாம்ல. எனக்கும் பயம்." அவள் கிளம்பினாள். பத்தடி போய்த் திரும்பினாள். "எம்மகளுக்கு இன்னும் வரல. வாரதுக்குள்ள நடத்திரு."

மறுநாள் கடைசி மணி. முப்பத்திரண்டு பெண்கள். கரும்பலகையில் தலைப்பை எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பின்வரிசை வரைக்கும் பரவியது. சிரித்து முடிக்கட்டும் என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குப் பதினாலு வயசுல வந்துச்சு," என்றேன்.

சிரிப்பு நின்றது. முப்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாடத்தைத் தொடங்கினேன்.